பதினைந்து போதும் என்றாள்

எங்கள் கம்பெனிக்கு ஜெனரேட்டர் வாங்க வேண்டுமானால் என்னைத்தான் அனுப்புவார்கள். திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, அதில் மெயின்டனன்ஸ் முழுவதும் என் தலையில். ஜெனரேட்டர், கம்ப்ரஸர், மோட்டார், எதுவானாலும் என் கணக்கு ஒன்றுதான். தேவை எவ்வளவோ அதைவிட ஒரு சைஸ் பெரிதாக எடு. இன்றைக்கு நாற்பது மெஷின் ஓடுகிறது. நாளைக்குப் பெரிய ஆர்டர் வந்து அறுபது ஓட வேண்டியிருந்தால் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியுமா? திணறுகிற மெஷினை நான் வாங்கவே மாட்டேன். இருபது வருடமாக இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனேன்.

நான் சர்ச்சில் கிடார் வாசிப்பவன். பதினைந்து வயதில் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவுக்கு வலது பக்கம், ஒரு தூணை ஒட்டி எனக்கு இடம். ஆனால் என் கிடார் யாருக்கும் கேட்டதில்லை. கீபோர்டு ஒரு பக்கம், தாளத்துக்குப் பேட் ஒரு பக்கம். சவுண்ட் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் எதைக் குறைப்பது என்று யோசிக்கவே மாட்டார், முதலில் என்னைத்தான் குறைப்பார். அவர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். எனக்கோ பொசுக்கென்று கோபம் வருகிற சுபாவம். ஒருமுறை ஆராதனை நடுவில் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டேன். நான் போனது பாதிப்பேருக்குத் தெரியவே இல்லை என்று என் மனைவி பிறகு வந்து சொன்னாள்.

அவள் அதே குழுவில் பின்வரிசை. பதினொரு வருடமாகப் பின்வரிசை. வாரநாளில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டு தையலைப் பார்ப்பாள். குரல் சின்னது, கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் சுருதி பிசகாது. எங்கள் குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிக்கும் அக்கா. அந்த வருடம், விளைச்சலைக் காணிக்கையாக வைத்து நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டைத் தனியாகப் பாடச் சொல்லி அவர் என் மனைவியிடம் கொடுத்தார். மூன்று சரணம். இடையில் கிடார் மட்டும் வாசிக்கச் சிறிது இடம், அது எனக்கு.

அவளுக்குக் கால் தரையில் படவில்லை. தினமும் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் பாட்டுதான். ஒரு பாட்டுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறாய் என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். "தறிக்குடோன்ல எட்டு வருசம் பாடியிருக்கேனுங்க. ஒரு நாளும் எனக்கே கேட்டதில்லீங்க. தொண்டையில எப்படித் தெரியுதோ அத வெச்சே பாடிக்குவேன். கொயர்லயும் அப்படித்தான், நாலு பேர்த்துக் கொரல்ல கலந்துபோவுது. ஒரு தடவை என் கொரலு மட்டும் அத்தன பெரிய எடத்துல எப்படி இருக்குதுன்னு கேட்டுப்போட்டா போதுமுங்க." அவள் கேட்டது அவ்வளவுதான்.

தறிக்குடோன் என்று அவள் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் மானம் போனது அதில்தான். நாங்கள் இருவரும் சோமனூர்ப் பக்கத்து ஆட்கள். எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி ஓடியது. அவள் கல்யாணத்துக்கு முன்னால் எட்டுத் தறி ஓடும் குடோனில் வேலை பார்த்தவள். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே போடாமல் வாயை அகலமாகத் திறந்து, எழுத்தெழுத்தாக உதட்டை அசைப்பார்கள். ஏழு தறி தள்ளி நிற்பவள் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு அப்படியே பதில் சொல்வாள். நூல் அறுந்தது, டீ வந்தாயிற்று, முதலாளி வருகிறார், யாருடைய மாமியார் நேற்று என்ன சொன்னாள், எல்லாம் உதட்டிலேயே ஓடும். நான் நடை பழகியது அந்தச் சத்தத்துக்குள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பது எனக்குத் தண்ணீர் குடிப்பது போல. திருப்பூருக்குக் குடிவந்த பிறகு எங்கள் இருவருக்கும் அது தேவைப்படவில்லை. இரண்டு அறை வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே கேட்குமே.

பண்டிகைக்கு ஆறு வாரம் இருக்கும்போது என் பழைய ஆம்ப்ளிஃபயர் செத்துப்போனது. ஏற்கெனவே போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய ரேடியோவில் இருக்குமே, அதே கண்ணாடி வால்வு. சுவிட்சைப் போட்டதும் பேசாது, உள்ளே செக்கச்செவேலென்று சூடாகிற வரை காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் முன்பு மேடைக் கச்சேரிகளில் வாசித்த ஒருவர், முதுகுவலி வந்து வாசிப்பதை விட்டவர், தன்னிடமிருந்த இரண்டைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒன்று பதினைந்து வாட்ஸ், இன்னொன்று நூறு வாட்ஸ். ஒரு சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பதினைந்து வாட்ஸ் ஒரு பயணப்பெட்டி அளவு. ஸ்பீக்கர் அதற்குள்ளேயே ஒன்று. நூறு வாட்ஸோ, மேலே ஒரு பெட்டி, கீழே நாலு ஸ்பீக்கர் வைத்த இன்னொரு பெட்டி, இரண்டும் சேர்ந்து என் நெஞ்சு உயரம். அதைப் பார்த்ததுமே என் மனசு போய்விட்டது. ஆனாலும் முறைப்படி சின்னதை முதலில் வாசித்தேன். சத்தத்தைக் கூட்டும் நாபை மூன்றுக்குக் கொண்டுவந்ததும் சத்தம் கொஞ்சம் கெட்டியானது, ஓரத்தில் லேசாகக் கரகரத்தது, பாகு பதம் வருவதைப் போல. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி வாய்க்குள் தன் பாட்டை முனகத் தொடங்கிவிட்டாள். "இது நல்லாருக்குதுங்க. இதுகூடச் சேர்ந்து பாடலாமுங்க. பதினஞ்சு போதும்" என்றாள். அந்த வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். சர்ச் அளவுக்கு இதுவே அதிகம், பெரிய மைதானமென்றால் முன்னால் ஒரு மைக்கை வைத்துக்கொள்ளலாம், வால்வு கொஞ்சம் திணறினால்தான் அதில் இனிப்பு வரும், நூறு வாட்ஸ் திணற வேண்டுமென்றால் கூரை போய்விடும் என்றார்.

திணறுவதா! நான் வாழ்நாளெல்லாம் திணறாத மெஷினை வாங்கிக்கொடுத்துப் பேர் எடுத்தவன். சின்னதை வாங்கி அது திணறுவதைக் கேட்டு ரசிக்க வேண்டுமா? அவருக்கு நான் ஜெனரேட்டர் பாடம் நடத்தினேன். லோடு என்றால் என்ன, ஒரு சைஸ் ஏன் பெரிதாக எடுக்க வேண்டும், நூறு எங்கே பதினைந்து எங்கே, ஏழு மடங்கு சத்தம் என்றெல்லாம் அளந்தேன். அவர் பொறுமையாக, ஏழு மடங்கு இல்லை, காதுக்கு இரண்டு மடங்குகூட வராது என்றார். எனக்கு அது ஏறவில்லை. என் மனைவி மறுபடியும், மெதுவாகத்தான், சின்னதே பாட்டுக்கு ஒத்து வருகிறது என்றாள். அப்போது ஒரு வெளிமனிதர் வீட்டில், அவர் முகத்துக்கு நேராக நான் அவளிடம் சொன்னேன்: "தறிச் சத்தத்துல காது போனவளுக்குச் சத்தத்தப் பத்தி என்ன தெரியும்? சும்மா இரு."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். என் மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை. நூறு தையல் மெஷின் ஓடும் இடத்தில் ஒரே ஒரு மெஷின் கோணலாக ஓடினால் அவள் தலை திரும்பும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நூறு வாட்ஸை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி திருப்பூர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. நாபை ஒன்றில் வைத்தால் ஈரத்துணியைத் தட்டினாற்போல ஒரு சத்தம், உயிரே இல்லை. இரண்டைத் தாண்டினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஐந்தில்தான் அந்த இனிப்பு இருக்கிறது என்று போன் வீடியோக்களில் சொன்னார்கள். ஐந்து வரை நான் போகவே இல்லை, போயிருந்தால் தெருவே கூடியிருக்கும். தப்பு செய்துவிட்டோம் என்று எனக்குள் ஒருவன் முணுமுணுத்தான், அவனையும் சும்மா இரு என்று அடக்கினேன். ஒத்திகைகளில் ஒன்றிலேயே வைத்து வாசித்தேன். கீபோர்டு அக்காவுக்குத் திருப்தி. என் மனைவிக்கு அதைவிடத் திருப்தி. காலி சர்ச்சில் அவள் குரல் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு முகம் மலர்ந்து நின்றாள். பண்டிகையன்று ஆட்கள் நிறைந்திருக்கும்போது எப்படி இருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பண்டிகை வந்தது. வாழைத்தார், கரும்பு, தேங்காய், பூசணி, கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்த பனியன் பண்டல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. சர்ச் நிரம்பி வெளியே பந்தலிலும் ஆட்கள். அவள் மாம்பழ நிறச் சேலை கட்டி மைக்குக்கு முன்னால் நின்றாள். முதல் சரணத்தை நான் ஒன்றில் வைத்து வாசித்தேன். அவள் பாடினாள். குழந்தைகள்கூட அடங்கின. அவ்வளவு பெரிய இடத்தில் அந்தச் சின்னக் குரல் கடைசி பெஞ்சு வரை போனதை நான் என் காதால் கேட்டேன். அவளும் கேட்டாள், ஒரே ஒரு சரணம்.

பிறகு என் இடம் வந்தது. குனிந்து நாபை ஐந்துக்குத் திருகினேன்.

ஐயோ, அந்தச் சத்தம். இருபத்தைந்து வருடமாக நான் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அன்றைக்கு வெளியே வந்தது. ஒவ்வொரு சுரமும் நீண்டு, கொழுத்து, என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தலைகள் திரும்பின. மிக்ஸர்காரர் எதைக் குறைத்தாலும் ஒன்றும் ஆகாது, என் ஆம்ப்ளிஃபயருக்கு அவர் தயவு வேண்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் சரணம் தொடங்கியது. இங்கே நான் குறைக்க வேண்டும். நாபுக்குக் குனியக்கூட வேண்டாம், கிடாரிலேயே ஒரு சின்னத் திருகு உண்டு, சுண்டுவிரலால் பின்னால் தள்ளினால் போதும், சத்தம் அடங்கும். அதோடு அந்த இனிப்பும் போய்விடும். நான் தள்ளவில்லை. இன்னும் இரண்டு வரி, இன்னும் ஒரு வரி என்று போய்க்கொண்டே இருந்தேன். அவள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, குரல் எனக்கும் கேட்கவில்லை.

அப்போது அவள் திரும்பினாள். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, என்னைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து, தறிக்குடோனில் சொல்வது போல எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "கொறைங்க. எனக்கு நானே கேக்கலீங்க."

ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. நூறு வாட்ஸுக்கு நடுவில் அந்தச் சர்ச்சில் எனக்குத் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான். நான் அவளை நேராகப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் பாடவில்லை. சுருதி தப்பி, இடம் தப்பி, மூன்றாம் சரணத்தின் பாதியில் நிறுத்தியிருந்தாள். கீபோர்டு அக்கா குழுவுக்குச் சைகை காட்ட, மற்றவர்கள் சேர்ந்து பாடி ஒப்பேற்றினார்கள். அவள் மைக்கை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாட்டு முடிகிற வரை முன்னாலேயே நின்றாள்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது நாலைந்து பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். இன்றைக்குத்தான் உங்கள் கிடார் கேட்டது என்றார் மிக்ஸர்காரரே. அவளிடம் போனவர்கள், பரவாயில்லை அம்மிணி, மேடைக்கூச்சம் யாருக்கும் வரும், அடுத்த தடவை பயப்படாமல் பாடு என்றார்கள். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பயமில்லை, நான்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் தேங்காய் ஏலம் கேட்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அவள் கேட்டாள், நான் சொன்னது உங்களுக்குத் தெரியவில்லையா என்று. கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தறியை விட்டு வந்து இருபது வருடமாயிற்று, அந்த உதட்டுப் பேச்செல்லாம் எனக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது, நீ ஏதோ வாயசைத்தாய், பாட்டு என்று நினைத்தேன் என்றேன். அவள் யோசித்தாள். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். "அட ஆமாங்க. நெனப்பே இல்லாம உங்ககிட்டப் போயி வாய அசைச்சிருக்கறேன். கையாவது காட்டியிருக்கோணும்." தவறு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஃபேனைப் போட்டேன்.

அது அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கீபோர்டு அக்கா நல்ல மனுஷி, கிறிஸ்துமஸுக்கு இன்னொரு பாட்டுத் தருகிறேன், தைரியத்தை வரவழைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். என் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். எனக்கு மறந்துபோனதை மறுபடியும் கற்றுக்கொடுப்பது. அடுத்த முறை அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எனக்குப் புரிய வேண்டுமாம்.

சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து அடுப்படியில் உட்காருவேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டே ஒரு வார்த்தையை உதட்டில் காட்டுவாள். என்ன என்று நான் சொல்ல வேண்டும். அவள் 'தக்காளி' என்பாள். நான் புருவத்தைச் சுருக்கி யோசித்து, 'சக்கரையா' என்பேன். அவள் தோசைக்கரண்டியோடு சிரிப்பாள். 'மழை வருது' என்பாள். 'மாமா வர்றாரா' என்று கேட்டு வாசலைப் பார்ப்பேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். மக்கு, மக்கு என்று தலையில் குட்டுவாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிடும், தப்பான பதிலைத் தேடுவதுதான் கஷ்டம். உடனே கற்றுக்கொண்டால் சந்தேகம் வருமே என்று ஒரு கணக்கும் வைத்திருந்தேன். முதல் மாதம் உப்பு, டீ மாதிரிச் சின்ன வார்த்தைகள். அடுத்த மாதம் ஊர்ப் பெயர்கள். கிறிஸ்துமஸுக்குள் மெதுவாகத் தேறிவிடுவதாக ஏற்பாடு. வெட்கக்கேட்டை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு சிரித்த மாதங்கள் வேறு இல்லை.

குற்ற உணர்ச்சி வேறு வழியில் வெளியே வந்தது. நூறு வாட்ஸைத் திரும்ப ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். நல்ல வேளை, சின்னது இன்னும் அங்கேயே இருந்தது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டு, "அம்மிணி பாடுனாங்களா?" என்று மட்டும் கேட்டார். நன்றாகப் பாடினாள் என்று அவரிடமும் புளுகினேன். வீட்டில் அதை வைத்து நாபை மூன்றில் நிறுத்தி வாசித்தேன். அவர் சொன்ன அந்தத் திணறல் வந்தது, குறைந்த சத்தத்திலேயே வந்தது. என் மனைவி அதன் மேல் தன் புதுப் பாட்டைப் பாடினாள். இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. முடித்துவிட்டு, "இப்பக் கேக்குதுங்க. எனக்கு நான் நல்லாக் கேக்கறேன்" என்றாள். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது குழுவில் ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். புது வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தோம். கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். ஆயர் ஜெபிக்க ஆரம்பித்தார். நீளமான ஜெபம், அஸ்திவாரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒவ்வொன்றாக ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்கு ஜெபத்தில் அரைக்கண் திறக்கும் பழக்கம் உண்டு. திறந்தபோது எதிரே என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அசைத்தாள். அடுப்படியில் எனக்காக நிறுத்தி நிறுத்திக் காட்டுவாளே, அப்படி இல்லை. குடோனில் பேசும் வேகத்தில், பழக்கத்தில் வந்துவிட்டது. "சட்டையில மேலிருந்து ரெண்டாவது பொத்தான் கழண்டிருக்குது, போடுங்க."

என் கை தானாகப் போய் இரண்டாவது பொத்தானைப் போட்டது.

போட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, மாணவன் தேறிவிட்டான் என்ற சிரிப்பு. அது மெதுவாகக் கழன்றது. அவ்வளவு நீளமான வாக்கியம், அவ்வளவு வேகம், முந்தின நாள் 'முருங்கைக்காய்' என்றதற்கு 'மொறத்துக்கா?' என்று கேட்டவன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆயர் முடித்தபோது எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே கேட்டாள். "அன்னைக்கும் தெரிஞ்சுதுங்களா?"

தெரிந்தது என்றேன். எல்லாமும் தெரிந்ததா என்று கேட்டாள். எல்லாமும் என்றேன். அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இத்தனை நாள் யார் கேட்டாலும், நான்தான் பயந்துபோய் நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். உங்கள் கிடார்தான் காரணம் என்று யாராவது சொல்ல வந்தால்கூட அவள் ஒப்புக்கொள்ளவில்லையாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், இப்போது நீங்கள் சொன்னால் சர்ச்சில் வைத்து நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். கெஞ்சிப் பார்த்தேன், மன்னித்துக்கொள் என்றேன், பாட்டு இன்னும் இருக்கிறது, சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, நீ பாடு என்றேன்.

"பாட்டுப் போனாப் போவுதுங்க" என்றாள். "அடுப்படியில வெச்சு மூணு மாசம் என்னயச் சிரிக்க வெச்சீங்களே."

மறுநாள் கீபோர்டு அக்காவிடம் போனில் தொண்டை சரியில்லை என்று சொன்னாள். அந்தப் பாட்டை வேறொரு பெண் பாடினாள். நான் பதினைந்து வாட்ஸை மூன்றில் வைத்து வாசித்தேன். பாடியவள் குரலும் கேட்டது, கிடாரும் கேட்டது, கீபோர்டும் கேட்டது, மிக்ஸர்காரர் ஒரு தடவைகூடக் கையைத் தாழ்த்தவில்லை. என் மனைவி பின்வரிசையில் நின்று மற்றவர்களோடு பாடினாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவள் என்னை விட்டுப் போய்விடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. சோறு போடுகிறாள், மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள், கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறாள். ஆனால் அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்ததில்லை. எத்தனை கூட்டத்தில், எத்தனை இரைச்சலில் இருந்தாலும், சொல்ல வேண்டியது இருந்தால் எழுந்து வந்து பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொல்கிறாள். போன வாரம் சோமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் நான் ஒரு கோடி, அவள் மறுகோடி, நடுவில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து, அத்தனை பேரையும் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, காதருகே குனிந்து, "மோர் வேணுமான்னு கேக்கறாங்க, ஊத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.